மீன்முள் ஷாஃப்ட்டில் உன் கட்டைவிரல்

போகிக்கு வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தோம். மருமகள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்ததை எல்லாம் முற்றத்தில் கொட்டியிருக்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். துணி துவைக்கிற கல்லிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. இரும்பைச் சாம்பல் வைத்துத் தேய்க்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பித்தளைச் செம்புகளுக்கு நடுவே, புளிச் சக்கையும் சாம்பலுமாக, அவள் கையில் உன் ஷாஃப்ட் இருந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. மருமகள் பயந்து, கம்பியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, "துருப்புடிச்ச ஒரு கம்பிக்கா அத்தை இந்தக் கத்து கத்துறீங்க? பளபளன்னு பண்ணித் தரலாம்னுதானே எடுத்தேன்" என்றாள். பாவம், நல்ல பெண். அதைப் பளபளப்பாக்கக் கூடாது என்று இத்தனை வருடத்தில் நான் அவளிடம் சொன்னதில்லை.

கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை நீளம், பென்சில் பருமன். இரண்டு பக்கமும் மீன்முள் வரிகள். நடுவில் வழவழப்பான இடத்தில் உன் கட்டைவிரல், பழுப்பு நிறத்தில், ரேகை ரேகையாக. ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்து போயிருக்கிறது. மற்றபடி அப்படியே இருக்கிறாய். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதில் வராது என்று தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் பெரிதாகப் பதில் போட்டு விட்டாயாக்கும்.

நாம் வேலை பார்த்த அந்த ஷெட்டைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசிக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. எண்பதுகளின் தொடக்கம். இரண்டு லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், நீ ஓட்டிய ரோலிங் மெஷின், கடைசியில் ஒரு நீள மேசை. தூசி உள்ளே வரக் கூடாது என்று முதலாளி ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்திருப்பார். சித்திரை வெயிலில் உள்ளே நாம் இட்லிப் பானையில் உட்கார்ந்திருப்போம்.

மெட்ராஸில் ஒரு கம்பெனிக்கு ஷாஃப்ட் செய்து அனுப்புவதுதான் வேலை. ரேடியோ ஸ்டேஷனில் டேப் சுற்றுகிற பெரிய மெஷின் இருக்குமாம், அதற்குள் சத்தமே வராத சின்ன மோட்டார், அந்த மோட்டாருக்கு இந்த ஷாஃப்ட். குண்டு பேரிங் போட்டால் கொரகொரவென்று சத்தம் டேப்பில் ஏறிவிடும். அதனால் புஷ் என்கிற வெறும் குட்டிக் குழாய்க்குள் எண்ணெயில் மிதந்து சுற்ற வேண்டும். மிதப்பதற்காகத்தான் அந்த மீன்முள் வரிகள். ஷாஃப்ட் சுற்றுகிற வேகத்தில் வரிகள் இரண்டு பக்கத்து எண்ணெயையும் நடுவுக்கு இழுத்து வரும். இழுத்து வந்த எண்ணெய் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இரும்பு இரும்பைத் தொடாது. முதலாளி இதை முதல் நாள் நமக்குச் சொன்னபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. நீதான் எனக்குப் புரிய வைத்தாய்: "கெணத்துல குதிச்சா கை காலை அடிக்கிற வரைக்கும் மெதக்குறோம்ல, அது மாதிரி புள்ள. இது சுத்துற வரைக்கும் மெதக்கும்."

அந்த வரிகள் வெட்டியவை இல்லை, அழுத்தியவை. சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள் பதித்த வளையத்துக்குள் ஷாஃப்ட்டைச் செலுத்துவாய். பாதி தூரம் ஒரு பக்கமாகத் திருப்பி, பாதியில் கண் இமைக்கும் நேரத்தில் மறுபக்கமாகத் திருப்புவாய். வெளியே வரும்போது முள் விழுந்திருக்கும். ஆழம் என்று பார்த்தால் தலைமுடியின் பருமன்கூட வராது. நகத்தால் வருடினால் தட்டுப்படும், அவ்வளவுதான். பிறகு பிசிர் போகத் தேய்த்து, மண்ணெண்ணெயில் அலசி, மேசைக்கு வரும். ரோலிங் முடிந்த மிச்ச நேரத்தில் நீயும் மேசைக்கு வந்துவிடுவாய். நீ ஒவ்வொன்றிலும் புஷ்ஷை மாட்டி, சாய்த்து, அது தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பார்ப்பாய். நான் எண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பெட்டியில் அடுக்குவேன். ஊர்க் கதையையும் நம் கதையையும் அந்த மேசையில்தான் மென்றோம்.

இரவில் உன் வீட்டுப் பக்கம் வானொலியில் பாட்டுக் கேட்டால், மறுநாள் வந்து, "நேத்து நம்ம கம்பிதான்டி சுத்துச்சு, கேட்டியா, ஒரு கொரகொரப்பு இல்ல" என்பாய். அது நம் கம்பிதானா என்று யாருக்குத் தெரியும். நாம் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டோம்.

நீ அங்கே வேலைக்கு வந்ததே ஒரு சண்டையில். உன் வீட்டுக்காரர் சவூதியில். மாமியார் வீடு லப்பைக்குடிக்காட்டில். கல்யாணமான பெண் தகரக் கொட்டகையில் கை கறுக்க வேலை செய்வதா என்று அவர்கள் அங்கிருந்து ஆள் விட்டார்கள். நீ அரியலூரில் உன் அத்தா வீட்டில் இருந்தபடியே, "கை கறுத்தா கழுவிக்கிறேன், உங்களுக்கு என்னா?" என்று சொல்லி அனுப்பினாய். உன் அத்தாவின் இரும்புக் கடையில்தான் முதலாளி சாமான் எடுப்பார். அந்தப் பழக்கத்தில் உன்னை வேலைக்கு எடுத்தார். உன்னை 'ம்மா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று உனக்கு நினைவிருக்கும். "ஏய்."

நான் வந்தது காலனியிலிருந்து. விக்கிரமங்கலம் பக்கம். என் அம்மாவும் அவள் அம்மாவும் குனிந்த முதுகோடு அடுத்தவர் காட்டில் கடலை பறித்தவர்கள். பத்தாவது படித்ததால் மட்டும் நான் அந்த மேசைக்கு வந்தேன். மேசை என்றால் நாற்காலி. இரும்பு நாற்காலி, ஒரு கால் குட்டை, அடியில் தகடு மடித்து வைத்திருப்போம். உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். ஒரு நாள் அம்மா கீழப்பழுவூர் சந்தைக்குப் போகிற வழியில் ஷெட் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய், தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள், "எம்மவ நாக்காலில உக்காந்து வேல பாக்குறா." சம்பளம் எவ்வளவு என்று கேட்டவர்களிடமும் அதையேதான் சொன்னாளாம்.

அந்த நாற்காலியைத்தான் பறிக்கப் பார்த்தார்கள்.

மெட்ராஸிலிருந்து பெட்டி திரும்பி வந்த நாள். முதலாளி காகிதத்தைப் பிரித்து ஷாஃப்ட்டுகளை மேசையில் உருட்டிவிட்டார். எண்ணெய்ப் பூச்சுக்கு அடியிலேயே துரு. சிலவற்றில் திட்டுத் திட்டாக, சிலவற்றில் விரல் பதிந்த மாதிரியே. துருத் தூள் வரிகளுக்குள் போனால் எண்ணெய் மசியாகிவிடும், ஷாஃப்ட் மிதக்காது, புஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். அங்கே மோட்டார்கள் நின்று போயிருக்கின்றன. இன்னொரு பெட்டி இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

போர்மேன் ஒரு ஷாஃப்ட்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்தார். எதற்கு மோந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"இது கை வேலை சார்" என்றார். "சில பேருக்கு உப்புக் கை. தொட்டா எஃகு துருப்புடிச்சிடும். எண்ணெய் போட்டாலும் நிக்காது. நான் திருச்சியில வேலை பாத்த எடத்துல அப்படி ஒருத்தனைக் கண்டுபுடிச்சு வெளிய போட்டோம்."

இதில் பொய் இல்லை. உப்புக் கை என்று ஒன்று உண்டு. இயந்திர வேலை பார்த்த எவரும் சொல்வார்கள். சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவர் யாரைப் பார்த்தார்? மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேர் கையும் எல்லாவற்றிலும் படுகிறது. அவர் கண் நேரே என் கைக்கு வந்தது.

"தலைமுறையா வெயில்ல வெந்த கை. உப்பு ஊறிப்போயிருக்கும். நீங்க நெனச்சாலும் மாத்த முடியாது சார். போதாததுக்கு பொம்பளைங்க, தூரமான நாள்லயும் வந்து தொடுறாங்க."

முதலாளி என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. அதுதான் எரிந்தது. ஏதோ நல்லது செய்கிற குரலில், "ஏய், தப்பா நெனைக்காத. வேலையை வுட்டு அனுப்பல. நாளையிலேர்ந்து மேசைக்கு வராத. வெளிய முத்தத்தைக் கூட்டு, லேத்துச் சுருளை அள்ளிப் போடு. அதே சம்பளம்" என்றார்.

அதே சம்பளம். அதைச் சொன்ன அந்த வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. வயதானால் எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டது, ஆறவில்லை.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளக்கூடச் செய்தேன். அவ்வளவு அடக்கம். அப்போதுதான் நீ உன் இடத்தில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி என் நாற்காலியின் முதுகைப் பிடித்து, வெளியே இழுத்தாய்.

"உக்காருடி" என்றாய் என்னிடம். பிறகு அவர்களிடம் திரும்பினாய். "உப்புக் கைன்னா கண்ணுக்குத் தெரியுமா போர்மேன்? ஊரைக் கேட்டுச் சொல்றீங்களா, கையைப் பாத்துச் சொல்றீங்களா?"

"பாத்தாலே தெரியும்மா."

"எனக்குத் தெரியல. கம்பியைக் கேப்போம். இங்க இருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஒரு கம்பியைப் புடிங்க. ஈரச் சாக்கு போட்டு ராத்திரி மூடி வைப்போம். எவங்க கையின்னு காலையில அதுவே சொல்லும்."

லேத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். போர்மேனுக்கு முகம் சுருங்கியது. முதலாளி, "எதுக்கும்மா இதெல்லாம்" என்றார்.

"நீங்களும்தான் பெட்டி கட்டுற அன்னிக்கு எடுத்து எடுத்துப் பாக்குறீங்க. உங்க கையும் அதுல இருக்கு. அவளை வெளிய போட்டப்பறமும் துரு வந்தா, மெட்ராஸ்காரங்ககிட்ட யாரைக் காட்டுவீங்க?"

அந்த ஒரு கேள்வியில் அவர் மடங்கினார். கம்பெனி பயம் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. வரி சரியாக விழாமல் ஒதுக்கி வைத்திருந்த ஷாஃப்ட்டுகளில் சிலவற்றை நீயே மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்தாய். யாரையும் கை கழுவ விடவில்லை. ஆளுக்கு ஒன்றைக் கட்டைவிரலால் ஒரு சுற்று உருட்டிப் பிடிக்கச் சொன்னாய். பத்திர ஆபீசில் மையில் விரலை உருட்டுவது போல. உன் பையில் எப்போதும் கிடக்கும் தையல் நூல்களை எடுத்து, ஆளுக்கொரு நிறத்தில் முனையில் கட்டினாய். எனக்குப் பச்சை, உனக்குச் சிவப்பு, முதலாளிக்கு மஞ்சள், போர்மேனுக்குக் கறுப்பு, லேத்துக்காரர்களுக்கு நீலமும் வெள்ளையும். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்து, நனைத்த சாக்கைப் போட்டு மூடினாய். முதலாளி ஒரு பூட்டுப் போட்டார். நீ உன் அத்தா கடையிலிருந்து இன்னொரு பூட்டைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டாய். போர்மேனுக்கு நன்றாகத் தெரியும்படி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாய்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒருவேளை என் கைதானோ? அவர்கள் சொன்னதில் பாதியை நானே நம்பிவிட்டேன். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். அம்மா என்ன என்று கேட்டதற்குக் கிரீஸ் என்றேன். நாற்காலி போய்விட்டால் அம்மா தெருவில் எப்படி நடப்பாள் என்றுதான் நினைப்பு ஓடியது.

காலையில் சாக்கை எடுத்தபோது எல்லோரும் குனிந்தோம். பச்சை நூல் கட்டிய ஷாஃப்ட் கண்ணாடியாகக் கிடந்தது. மஞ்சளும் சுத்தம். கறுப்பில் லேசாக ஒரு மங்கல். நீலமும் வெள்ளையும் சுத்தம். சிவப்பு நூலில் ஒரு முழுக் கட்டைவிரல், ரேகைகள் எல்லாம் எண்ணி எடுக்கிற மாதிரி, பழுப்பாக எழும்பியிருந்தது.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லையடி. என்னைக் காப்பாற்றப் போய் உன் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்தாய்! ஷாஃப்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், மோதிரம் வாங்குகிறவள் மாதிரி.

"என் கைதான். நல்லாப் பாத்துக்குங்க. இப்ப சொல்லுங்க சார், அஞ்சலை கையில என்னா கொறை?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரிம்மா, ஆனது ஆச்சு. நீ மேசைக்கு வராத, ரோலிங்லயே இரு. அங்க எல்லாம் எண்ணெயிலதானே கெடக்கு, ஒண்ணும் ஆவாது. இதைப் பெருசு பண்ண வேணாம். போய் வேலையைப் பாருங்க."

எத்தனை எளிதாக முடித்துவிட்டார் பார். வெயிலில் வெந்த தலைமுறை இல்லை, தூரமான நாள் இல்லை, உப்பு ஊறின பேச்சு இல்லை. இரும்புக் கடைக்காரர் மகளின் கையில் வெறும் வியர்வை. போர்மேன்கூட, "சிலருக்கு உடம்பு வாகு அப்படி" என்றார். நேற்று இந்த வாகு எங்கே போயிருந்தது?

நீ நகரவில்லை. "நேத்து அவ கையின்னதும் முத்தத்தைக் கூட்டச் சொன்னீங்க. இன்னிக்கு என் கை. அதே வேலையை எனக்குக் கொடுங்க."

"என்னம்மா பேசுற? உங்க அத்தா மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"அவ அம்மா மொகத்துல முழிக்கலாம்னு இருந்தீங்கள்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். உள் முற்றத்தையா கூட்டினாய்? சாலையைப் பார்த்த வாசலைக் கூட்டினாய், கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. தலையில் முக்காடு, கையில் விளக்குமாறு, லாரித் தூசி ஒரு பக்கம், நீ கிளப்புகிற தூசி ஒரு பக்கம். பஸ் நின்று பார்த்தது. உன் அத்தா கடைக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "என்னம்மா இது?" என்று கேட்டார்கள். "உப்புக் கைக்காரங்களுக்கு இங்க இதுதான் வேலையாம், உள்ள போயி சாரைக் கேளுங்க" என்று சத்தமாகச் சொன்னாய். முதலாளி உள்ளே நடையாய் நடந்தார். நான் வந்து விளக்குமாற்றைப் பிடுங்கப் பார்த்தேன். "போயி நாக்காலில உக்காருடி. நீ அங்க உக்காந்திருந்தாத்தான் நான் இங்க கூட்டுறதுக்கு அர்த்தம்" என்று விரட்டினாய்.

போய் உட்கார்ந்தேன். கால் நடுங்கியது. உட்கார்ந்தேன்.

ரோலிங் மெஷின் நின்றுபோயிருந்தது. நான் ஓட்டுகிறேன் என்று போர்மேன் உட்கார்ந்தார். அவர் கெட்ட வேலைக்காரர் இல்லை, லேத்தில் கெட்டிக்காரர்தான். ஆனால் ரோஷத்தில் உட்கார்ந்தவருக்கு எந்தப் பக்கம் முதலில் திருப்புவது என்று குழம்பிவிட்டது. மீன்முள்ளுக்குத் தலையும் வாலும் மாறி விழுந்தன. அந்த முள் எண்ணெயை உள்ளே இழுக்காது, வெளியே துப்பும். ஒரு தட்டு நிறையத் துப்புகிற ஷாஃப்ட்டுகளைச் செய்து முடித்த பிறகுதான் சோதனை மோட்டாரில் மாட்டிப் பார்த்தார். அவர் வெள்ளைச் சட்டை முழுக்க எண்ணெய்ப் புள்ளி. நீ வாசலில் நின்று அதைப் பார்த்தாய். நல்லவேளை, நீ சிரிக்கவில்லை. நான்தான் எண்ணெய்த் துணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளும் கூட்டினாய். அதற்கடுத்த நாளும். லப்பைக்குடிக்காட்டிலிருந்து உன் மாமனாரே வந்து கேட்டார். "மானம் போவுது" என்றார். "என்னுது போவல மாமா, எங்க போவுதுன்னு உள்ள போயிக் கேளுங்க" என்றாய். அவர் உள்ளே போனார். என்ன பேசினார்களோ, முதலாளி வெளியே வந்தார்.

"அஞ்சலை, நீ உன் எடத்துலயே இரு" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் வாயில் என் பெயர் முதன்முதலாக வந்தது. நான் தலையாட்டப் போனேன். நீ விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

"அன்னிக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதானே சொன்னீங்க. இன்னிக்கும் கேக்கணும்."

லேத் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கல்லை மெல்லுகிற மாதிரி அவர் சொன்னார்: "அஞ்சலை கையில ஒண்ணும் இல்ல. நாங்க சொன்னது தப்பு." போர்மேன் கூரையைப் பார்த்தார். நீ விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி, முந்தானையை உதறி, கையை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துக்கொண்டு, ரோலிங் மெஷினில் போய் உட்கார்ந்தாய். இடைப்பட்ட நாளில் ஒன்றுமே நடக்காதது போல வளையத்துக்கு எண்ணெய் விட்டாய்.

அதன் பிறகு மேசைக்குக் கையுறை வந்தது. உனக்குத் 'துருக்கை' என்ற பெயரும் வந்தது. லேத்துக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை நீ முன்னாலேயே சொல்லிக்கொண்டு திரிந்தாய். "துருக்கை வந்துட்டேன், இரும்பையெல்லாம் ஒளிச்சு வையுங்க" என்று காலையில் உள்ளே நுழைவாய். அப்படி நுழைகிறவளை யார் என்ன செய்ய முடியும்? சிவப்பு நூல் கட்டிய ஷாஃப்ட்டை நான் அன்றே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "அதை எதுக்குடி? தூக்கிப் போடு" என்றாய். போடவில்லை.

உன் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து வந்த பிறகு நீ திருச்சிக்குக் குடி போனாய். நான் அந்த மேசையிலிருந்து பெரம்பலூரில் வேறு பட்டறைக்கு, வேறு மேசைக்குப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், நோன்புக் கஞ்சிக்கு நான் வருவதும் பொங்கலுக்கு நீ வருவதுமாகக் காலம் போனது. போன வருடம் திருச்சி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது பாதி உடம்பாக இருந்தாய். நாக்கு மட்டும் இளைக்கவில்லை. கையைப் பிடித்தேன். "பாத்துடி, துருப்புடிச்சிடப் போற" என்றாய். நர்ஸ் நம்மை ஒரு மாதிரி பார்த்தாள்.

அன்றுதான் சொன்னாய். பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததை, ஏதோ மருந்து பெயர் சொல்வது போலச் சொன்னாய்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. சின்னப் புள்ளையிலேர்ந்து தைக்கிறேன். என் ஊசி மட்டும் துருப்புடிக்கும். அம்மா திட்டிக்கிட்டே இருக்கும். போர்மேன் உப்புக் கைன்னதுமே என் கைதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன்டி அன்னிக்கே சொல்லல? அந்த ராத்திரி நான் எப்படிக் கெடந்தேன் தெரியுமா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களா? உனக்காகப் பாவம் பாத்துப் பொய் சொல்றேன்னு, 'போம்மா'ன்னு அனுப்பிட்டு உன்னையத்தான் கூட்ட வுட்டிருப்பாங்க. என் வாயி சொன்னா எடுபடாது. கம்பி சொல்லணும், அதை அவங்க கண்ணால பாக்கணும்." மூச்சு வாங்கியது உனக்கு. "நீ ஒரு ராத்திரி தூங்கலன்னா என்னா? செத்தா போயிட்ட?"

வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். கோபமா, என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன் விரல்தான் வரும் என்று தெரிந்தே, யாரையும் கை கழுவ விடாமல், சிவப்பு நூலைத் தேடி எடுத்துக் கட்டியிருக்கிறாய். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு உன்னையே உள்ளே பூட்டியிருக்கிறாய்.

உன் வீட்டில் படம் மாட்டும் வழக்கமில்லை. நீ போன அன்று மையித்துக்கு வந்து முகம் பார்த்தேன், அதோடு சரி. என்னிடம் உன் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இந்த விரல்தான் இருக்கிறது. இதைத் தேய்க்க வந்தவளிடம் கத்தாமல் என்ன செய்வேன், நீயே சொல்.

போன மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன், முதியோர் உதவித்தொகை விஷயமாக. எதிரே மூன்று நாற்காலி காலி. என் பெயரையும் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு, அங்கிருந்தவர், "அப்படி ஓரமா நில்லும்மா" என்றார். ஒரு நாற்காலியை இழுத்தேன். கால் தரையில் உரசிப் பெரிய சத்தம் வந்தது. உட்கார்ந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுப் பார்த்தார். "சொல்லுங்க தம்பி, கேக்குது" என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். எனக்குக் கால் நடுங்கவில்லை.

எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு தேய்க்கிறதை விட்டுவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து எழுந்து போய், தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்தாள். ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் துணி வைத்துப் பிடித்துக்கொண்டாள், நான் ஒரு சொட்டு விட்டேன். துரு இனிப் பரவவும் கூடாது, அழியவும் கூடாது. "இதைப் பெட்டியில போட வேணாம் அத்தை" என்று சொல்லி, ஷோகேஸில் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளை நகர்த்தி நடுவில் வைத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு வருகிறவர்கள் என்ன இது துருப்பிடித்த கம்பி என்று கேட்கட்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லப் போகிறேன், முதலாளி சொன்னது, போர்மேன் சொன்னது, நீ கூட்டியது எல்லாவற்றையும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

முற்றத்தில் செம்புகள் காய்கின்றன. மருமகள் வீட்டைக் கழுவுவதற்காக, "அத்தை, கொஞ்சம் எந்திரிங்க, தண்ணி ஊத்தணும்" என்கிறாள். என்னைச் சுற்றி ஊத்திக்கொள் என்று சொல்லிவிட்டேன். இதை நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.